கறிக்கடை, கோழி ஆலை மெஷின்களில் விரல் போகாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் கறிக்கடைகளுக்கும் கோழி உரிக்கும் ஆலைகளுக்கும் மெஷின் சர்வீஸ் செய்வது என் தொழில். பிளேடு மாற்றவும் பேரிங் பார்க்கவும் போகிற இடத்தில், வேலை முடிந்து டீ குடிக்கும்போது முதலாளியும் கேட்பார், வெட்டுகிறவரும் கேட்பார், கழுவ வரும் அக்காவும் கேட்பார். இத்தனை வருஷத்தில் கேள்விகள் பெரிதாக மாறவில்லை. விரல் போன பிறகு கேட்டவர்களும் உண்டு. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலை வைத்திருக்கிறேன்.

கறிக்கடைல கத்திதானே ஆபத்து? மெஷின்ல என்ன இருக்கு?

கத்தி வெட்டினால் பெரும்பாலும் தையல் போட்டு ஆறிவிடும். கத்தியைப் பிடித்திருப்பது உங்கள் கை. வலித்த நொடியில் அது நின்றுவிடும். மெஷினுக்கு அப்படி நிற்கத் தெரியாது. ஆட்டுக்கால் எலும்பை அறுக்கிற ரம்பத்துக்கு உங்கள் விரல் எலும்பு ஒரு பொருட்டே இல்லை. சத்தம்கூட மாறாது. "அறுபட்டதே தெரியலண்ணே, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சது" என்று என்னிடம் சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

எந்த மெஷின்ல அதிகமா கை மாட்டுது?

நான் பார்த்தவரை இரண்டு. ஒன்று எலும்பு வெட்டும் மெஷின், அதாவது பேண்ட்சா. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் ரம்ப நாடா. இன்னொன்று கொத்துக்கறி போடும் கீமா மெஷின். பேண்ட்சாவில் விரல் வெட்டுப்படும். கீமா மெஷினில் கை உள்ளே இழுக்கப்பட்டு நசுங்கும். வெட்டுப்பட்டதை ஒட்டவைக்க ஓரளவு வழி உண்டு. நசுங்கியதற்கு அந்த வாய்ப்பு மிகவும் குறைவு.

பேண்ட்சாவில் கை போகிற நேரம் பெரும்பாலும் கடைசித் துண்டு. பெரிய துண்டாக இருக்கும்வரை கை தூரத்தில் இருக்கும். துண்டு சிறுத்துக்கொண்டே வரும்போது கையும் பிளேடை நெருங்குகிறது. கடைசி இரண்டு அங்குலத்தைக் கையால் தள்ளவே கூடாது, அதற்கு மெஷினோடு தள்ளுபலகை கொடுத்திருப்பார்கள். அது இப்போது உங்கள் கடையில் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள், பாதிக் கடைகளில் பரண்மேல் இருக்கும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த கறியும் கால் எலும்பும் இன்னும் மோசம். உருண்டையாக, வழுக்கலாக இருப்பதால் பிளேடு பிடித்ததும் துண்டு சுழலும், பிடித்த கையையும் சேர்த்துத் திருப்பும். தட்டையான பக்கம் மேடையில் படியும்படி வைத்துத்தான் அறுக்க வேண்டும்.

ஆலைகளில் கோழி இறகு உரிக்கும் டிரம்மும் உண்டு. உள்ளே இருப்பது ரப்பர் விரல்கள்தானே என்று சிக்கிய கோழியை ஓட்டத்திலேயே எடுக்கப் போவார்கள். ரப்பர் வெட்டாது, ஆனால் மணிக்கட்டை முறிக்கும்.

ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டுத்தான் கழுவுறோம். அப்புறம் எப்படி அடிபடும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். எனக்குத் தெரிந்து விரல் போனவர்களில் நிறையப் பேர் கறி வெட்டும்போது இழக்கவில்லை. கழுவும்போதும், அடைப்பெடுக்கும்போதும், பிளேடு மாற்றும்போதும்தான் இழந்தார்கள். வெட்டும்போது கவனம் இருக்கும். கழுவுவது வேலை முடிந்த பிறகு, களைப்பில், வீட்டு நினைப்பில் நடக்கிறது.

ஸ்விட்சை அணைப்பது மெஷினை நிறுத்துகிறது. அது மறுபடி ஓடாமல் தடுப்பதில்லை. நீங்கள் குனிந்து உள்ளே தேய்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வந்து, 'யார் ஆஃப் பண்ணது' என்று போட்டுவிடலாம். துடைக்கிற துணியே பச்சைப் பட்டனில் படலாம். ஸ்விட்சுக்குள் தண்ணீர் இறங்கி தானாக ஓடியதையும் பார்த்திருக்கிறேன். பேண்ட்சாவில் இன்னொன்று: அணைத்த பிறகும் சக்கரம் சுற்றி ஓய நேரம் பிடிக்கும். மோட்டார் சத்தம் நின்றதும் பிளேடும் நின்றுவிட்டது என்று நினைத்துக் கை வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இது. பிளக் உள்ள மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கி, கழுவுகிறவர் கண்ணெதிரே மெஷின்மேல் வையுங்கள். நேரடி த்ரீ பேஸ் இணைப்பு என்றால் மெயின் ஐசொலேட்டரை, அதாவது மெஷினுக்கு வரும் மின்சாரத்தை மொத்தமாகத் துண்டிக்கும் ஸ்விட்சை, இறக்கி அதில் ஒரு சின்னப் பூட்டுப் போடுங்கள். ஒரே சாவி, அது கழுவுகிறவரின் பையில். இரண்டு பேர் கழுவினால் இரண்டு பூட்டு. அதன்பிறகு பச்சைப் பட்டனை ஒருமுறை அமுக்கி, ஓடவில்லை என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். இத்தனைக்கும் ஆகிற செலவு ஒரு கிலோ ஆட்டுக்கறி விலைகூட வராது.

கரண்ட் போய் வந்தா மெஷின் தானா ஓடுது. அது பரவால்லயா?

பரவாயில்லை இல்லை, அன்றைக்கே சரிசெய்ய வேண்டிய கோளாறு. கரண்ட் போனதும் எல்லோரும் மெஷினை அப்படியே விட்டுவிட்டு வெளியே காற்றுக்குப் போய்விடுவோம். ஒருவர் மட்டும் 'சும்மாதானே இருக்கு' என்று உள்ளே சிக்கியதை எடுத்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் கரண்ட் வரும்.

சாதாரண டம்ளர் ஸ்விட்ச் போட்ட மெஷினில் இது நடக்கும். நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் இருந்தால் கரண்ட் போனதும் அது விழுந்துவிடும். கரண்ட் வந்தாலும் யாராவது பட்டனை அமுக்கினால்தான் மெஷின் ஓடும். கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் போடுகிற நாம் கறி மெஷினுக்கு மட்டும் ஏன் மிச்சம் பிடிக்கிறோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. சில கடைகளில் பட்டன் நிற்கவில்லை என்று அதைக் குச்சி வைத்து அடைத்திருப்பார்கள். அதைப் பார்த்தால் நான் வேலையைத் தொடங்குவதற்கு முன் அதைத்தான் பிடுங்குவேன்.

தொட்டா லேசா ஷாக் அடிக்குது. ஈரம்தான காரணம்?

ஈரம் ஷாக்கை உண்டாக்குவதில்லை, உங்கள் உடம்பு வழியாக அது போக வழிதான் கொடுக்கிறது. மெஷினுக்குள் எங்கோ லீக் இருக்கிறது. எர்த் பின் உடைத்த பிளக், தரையில் கிடக்கிற எக்ஸ்டென்ஷன் பெட்டி இரண்டையும் இன்றே மாற்றுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள், அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். லேசான ஷாக்கே கையை உதற வைக்கும். அந்த உதறல் ஓடுகிற பிளேடு பக்கம் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்பிவலை கையுறை போட்டுட்டா விரல் தப்பிச்சிடும்ல?

கத்தி வேலைக்கு அது அருமையான பொருள். எலும்பிலிருந்து கறி எடுக்கிறவர்கள், கத்தி பிடிக்காத கையில் கட்டாயம் போட வேண்டும். ஆனால் ஓடுகிற மெஷின் முன்னால் அதே கையுறை எமன். ரம்பப் பல் ஒரு கம்பி வளையத்தைப் பிடித்தால் மொத்தக் கையுறையையும் கையோடு இழுக்கும். வெறும் விரலாக இருந்தால் நுனியோடு போயிருக்கும், கையுறையால் உள்ளங்கைவரை போகும். கீமா மெஷினிலும் அப்படித்தான். துணிக் கையுறை, தளர்ந்த ரப்பர் கையுறை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கையில் கட்டிய கயிறும் இந்தக் கணக்கில்தான் சேரும். கோயில் கயிறு, தாயத்து, மோதிரம், வளையல், காப்பு. சாமி கயிற்றைக் கழற்ற மனம் வராது, தெரியும். அதை அரைஞாண் கயிற்றோடு கட்டிக்கொள்ளச் சொல்வேன், பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். கழுவ வரும் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகி, மேலே ஏப்ரன் கட்டிக்கொண்டுதான் மெஷின் பக்கம் போக வேண்டும்.

அந்தத் தட்டையும் கவசத்தையும் மாட்டினா ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வேலை ஓடாது. கழட்டி வச்சா தப்பா?

தப்பு. ஆனால் ஏன் கழற்றுகிறீர்கள் என்பதையும் நான் கேட்கத் தயார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு முப்பது பேர் நிற்கும்போது கை தானாக வேகம் எடுக்கும். சில மெஷின்களில் கவசம் உண்மையிலேயே மோசமாகச் செய்யப்பட்டிருக்கிறது. கறி உள்ளே போகவே இடிக்கும். அப்படி இருந்தால் என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள். பேண்ட்சாவின் மேல் கவசத்தை ஏற்றி இறக்க முடியும். அறுக்கிற துண்டுக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தினால் போதும், பிளேடு தேவையான அளவுதான் வெளியே தெரியும். அதை எப்போதும் உச்சியில் ஏற்றி வைப்பதுதான் நம் பழக்கம்.

கீமா மெஷினில் தட்டையும் உயரமான கழுத்தையும் வைத்திருப்பதே உங்கள் விரல் உள்ளே சுற்றும் திருகு வரைக்கும் எட்டக்கூடாது என்பதற்காக. அகலமான வாய் வேண்டும் என்று கழுத்தை அறுத்துச் சின்னதாக்கிய மெஷினை ஒரு கடையில் பார்த்தேன். அதைச் சரிசெய்து தர மறுத்துவிட்டு வந்தேன். தள்ளுவதற்கு மரக்கட்டையோ பிளாஸ்டிக் கட்டையோதான், அதுவும் கழுத்தைவிடக் குட்டையாக, தலை அகலமாக. கரண்டியும் கையும் ஆகாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஆபத்தான பாகம் உறுதியான மறைப்போடு இருக்க வேண்டும், ஓடும்போது அது இடத்தில் இருக்க வேண்டும் என்பது 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டங்கள் வரும்வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவிலேயே இருந்தது. மறைப்பு வைப்பது முதலாளியின் பொறுப்பு.

கீமா மெஷின்ல கை மாட்டிக்கிச்சுன்னா ரிவர்ஸ்ல ஓட்டி எடுக்கலாமா?

கூடாது. ரிவர்ஸில் ஓட்டினால் திருகு இன்னொருமுறை கையைக் கடைந்துவிட்டுத்தான் வெளியே விடும். இழுக்கவும் கூடாது. முதலில் மெயினை அணையுங்கள், மேலே சொன்னபடி யாரும் போடாமல் ஒருவர் காவல் நில்லுங்கள். மாட்டியவரை உட்காரவையுங்கள், அவர் மயங்கி விழுந்தால் கை கிழியும். பின்னால் மோட்டாரோடு இணைத்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் கீமா மெஷினின் தலை மட்டும் தனியே கழன்று வரும். அந்தத் தலையோடு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மயக்கம் கொடுத்த பிறகு டாக்டர்கள் கையை வெளியே எடுப்பார்கள். மெஷினைப் பிரிக்கத் தெரிந்த ஒருவரும், ஸ்பேனரும் கூடவே போக வேண்டும். அங்கே அது தேவைப்படும்.

உங்கள் கடை மெஷினின் தலை எப்படிக் கழலும் என்று இன்றைக்கே ஒருமுறை கழற்றிப் பாருங்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

துண்டான விரல ஐஸ்ல போட்டு எடுத்துட்டுப் போகலாமா?

நேராக ஐஸில் போட்டால் விரலின் சதை உறைந்து செத்துவிடும், அதை ஒட்ட முடியாது. சுத்தமான தண்ணீரில் லேசாக அலசுங்கள், தேய்க்காதீர்கள். ஈரம் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, தண்ணீர் புகாமல் கட்டுங்கள். அந்தக் கவரை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு கவருக்குள் வையுங்கள். கடையில் ஃப்ரீஸர் இருக்கிறதே என்று அதற்குள் வைத்துவிடாதீர்கள்.

காயத்தில் மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சுத்தத் துணியை வைத்து இறுக்கி அமுக்கி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தால் பெரும்பாலான ரத்தம் நிற்கும். விரலின் அடியில் கம்பியோ கயிறோ கட்ட வேண்டாம். தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் அதை வெட்டாதீர்கள், அந்தத் தோலில் ஒரு நரம்பு உயிரோடு இருக்கலாம். டீ, சோடா, தண்ணீர் எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். நசுங்கிய துண்டையும் விடாமல் எடுத்துப் போங்கள், ஒட்ட முடியாவிட்டாலும் அதன் தோல் உதவக்கூடும்.

நேரம் முக்கியம்தான், ஆனால் பதறி அருகில் உள்ள ஏதோ ஒரு கிளினிக்கில் தையல் போட்டு மூடிவிடுவது அதைவிட மோசம். சரியாகக் குளிர்ச்சியில் வைத்த விரலை 12 மணி நேரம் கடந்தும் ஒட்டவைக்க முடியும். மணிக்கட்டு, கை என்று மேலே போகப் போகத் தசை அதிகம் என்பதால் அவகாசம் குறையும், 6 மணி நேரத்துக்குள் போய்ச் சேரப் பாருங்கள். கைக்கான தனி அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கு நேராகப் போவது நல்லது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் கோவை கங்கா மருத்துவமனையும் இதில் பெயர் பெற்றவை. 108ஐக் கூப்பிடும்போதே விரல் துண்டானதைச் சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரில வீட்ல அடிபட்டுச்சுன்னு சொல்லச் சொல்றாங்க. சொல்லலாமா?

சொல்லாதீர்கள். கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் முதலாளி சொல்லச் சொல்லுவார், அவர் நல்லவராகக்கூட இருப்பார். ஆனால் ஆஸ்பத்திரியின் முதல் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பிறகு எல்லா இடத்திலும் பேசும். வீட்டில் அடிபட்டது என்று எழுதிவிட்டால் வேலையில் நடந்த விபத்துக்கான பணம் கேட்கும்போது அதே தாள் உங்களுக்கு எதிராக நிற்கும்.

'நம்மைக் காக்கும் 48'ல பார்த்துக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அது சாலை விபத்துக்கான திட்டம், மெஷின் விபத்துக்கு வராது.

இ.எஸ்.ஐ. இருந்தா என்ன கிடைக்கும்? இல்லாட்டி?

இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, இருந்தால் வைத்தியம் முழுவதும் அவர்களுடையது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் வரும். வேலை விபத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. நிரந்தரமாக விரல் போயிருந்தால் மருத்துவக் குழு பார்த்துச் சொல்லும் அளவுக்கு மாதாமாதம் பணம் வரும். முதலாளி விபத்தைப் பதிவேட்டில் எழுதி, அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டாரா என்று நீங்களே கேளுங்கள்.

இ.எஸ்.ஐ. வராத இடம் என்றால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒரு கட்டைவிரல் முழுதாகப் போனால் 30 சதவீத இழப்பு, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 சதவீதம். மாதக் கூலியில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் (ஒவ்வொரு வயதுக்கும் சட்டத்திலேயே கொடுத்திருக்கும் எண்) பெருக்கி, அதில் இந்தச் சதவீதத்தை எடுக்க வேண்டும். 30 வயதுக்காரர், கூலி 15,000 ரூபாய், காரணி 207.98, கட்டைவிரல் என்று வைத்துப் போட்டால் 5,61,546 ரூபாய் வருகிறது. பத்தாயிரத்தைக் கையில் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குகிற இடங்களுக்காகத்தான் இந்தக் கணக்கை முழுதாக எழுதினேன். மனுவைத் தொழிலாளர் துறையில் கொடுக்க வேண்டும், தள்ளிப்போட்டு இரண்டு வருஷத்தைத் தாண்டவிடாதீர்கள். சிறிய கடைக்காரர்களுக்கு இந்தத் தொகை தலையில் இடி மாதிரிதான். அதற்கென்றே தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு இருக்கிறது, எடுத்து வையுங்கள்.

கவசத்தக் கழட்டினது நான்தான். அப்ப எனக்கு ஒண்ணும் கிடைக்காதா?

இது சிக்கலான இடம். தொழிலாளி வேண்டுமென்றே கவசத்தைக் கழற்றி அதனால் அடிபட்டார் என்று நிரூபித்தால், இழப்பீட்டை மறுக்க முதலாளிக்கு வழி இருக்கிறது. மரணமோ முழு நிரந்தர ஊனமோ ஆனால் அந்தக் காரணம் செல்லாது. ஒன்றிரண்டு விரல் போனவர்களுக்குத்தான் இது இடிக்கும்.

ஆனால் 'வேண்டுமென்றே' என்பது அவ்வளவு சுலபமாக நிற்காது. கவசம் மாதக்கணக்கில் கழன்று கிடந்ததை முதலாளி தினமும் பார்த்தாரா, வேகம் போதவில்லை என்று அவரே கழற்றச் சொன்னாரா, அதை எப்படி மாட்டுவது என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா, இவை எல்லாம் கேட்கப்படும். வக்கீலையோ தொழிற்சங்கத்தையோ பார்க்காமல் 'என் தப்புதான்' என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

பீகார், ஒடிசாப் பசங்க காண்ட்ராக்டர் ஆளுங்க. அவங்களுக்கு அடிபட்டா யார் பொறுப்பு?

காண்ட்ராக்டர் மட்டும் இல்லை. யாருடைய வேலையை, யாருடைய இடத்தில் செய்தார்களோ அந்த முதலாளியும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. பிறகு அவர் காண்ட்ராக்டரிடம் வாங்கிக்கொள்ளலாம், அது அவர்கள் இருவர் பாடு.

மெஷின்மேல் ஒட்டியிருக்கிற எச்சரிக்கை ஆங்கிலத்திலோ தமிழிலோ இருந்து, ஓட்டுகிறவருக்கு இந்தி மட்டும் தெரிந்தால் அது வெறும் ஸ்டிக்கர். இந்தியில் ஒட்டுங்கள், ஒடியாவில் ஒட்டுங்கள். அதைவிட, முதல் நாள் பக்கத்தில் நின்று பூட்டுப் போடுவதைக் கையால் செய்து காட்டி, அவரை ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள்.

என் பையனுக்கு 16 வயசு. சொந்தக் கடைதானே, லீவுல மெஷின் கழுவட்டுமே?

கல்லாவில் உட்காரட்டும், கவர் கட்டட்டும். மெஷின் பக்கம் வேண்டாம். 14 முதல் 18 வயதுள்ளவர்களை அபாயமான வேலைகளில் வைக்கக்கூடாது என்று 2016 திருத்தத்தில் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள். 2023 ஜூலையில் அமெரிக்காவின் மிசிசிப்பியில், ஹாட்டிஸ்பர்க் ஊரில் ஒரு கோழி ஆலையில் எலும்பு நீக்கும் மெஷினைக் கழுவிக்கொண்டிருந்த 16 வயதுப் பையன் உள்ளே இழுக்கப்பட்டு இறந்துபோனான். கழுவும் நேரத்தில் மெஷினுக்கு மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டவில்லை என்பதுதான் அங்கத்திய அரசு விசாரணையில் வந்தது. அவ்வளவு பெரிய ஆலையிலும் இல்லாமல் போனது மேலே மூன்றாவது கேள்வியில் சொன்ன அந்தப் பூட்டுதான்.

கறி திருட்டுப் போகுதுன்னு ஆலைல பின்கதவ வெளிய பூட்டி வக்கிறாங்க. மெஷினுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லயே?

சம்பந்தம் உண்டு. 1991 செப்டம்பர் 3, அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹாம்லெட் என்ற சின்ன ஊர், கோழித் துண்டு பொரித்துப் பாக்கெட் போடும் ஆலை. கன்வேயரின் ஹைட்ராலிக் குழாய் விட்டுப்போய், எண்ணெய் பீய்ச்சி, பொரிக்கும் தொட்டியின் கேஸ் அடுப்பில் பட்டுத் தீப்பிடித்தது. 25 பேர் செத்தார்கள். கதவுகள் பூட்டியிருந்தன, கோழி திருடு போகக்கூடாது என்று. ஆலை நடந்த 11 வருஷத்தில் பாதுகாப்பு ஆய்வுக்கு ஒருவரும் வந்ததில்லை. முதலாளி சிறைக்குப் போனார். 2013இல் சீனாவின் ஜிலின் மாகாணத்துக் கோழி ஆலைத் தீயில் சுமார் 120 பேர் இறந்தார்கள், அங்கேயும் வெளிக்கதவுகள் பூட்டிக் கிடந்தன.

திருட்டைப் பிடிக்கக் கேமரா வையுங்கள், வாசலில் ஆள் போடுங்கள். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற கதவாக அது இருக்க வேண்டும்.

விரல் போன ஆள மறுபடி அதே மெஷின்ல நிறுத்தலாமா?

அவரைக் கேளுங்கள். சிலருக்கு மெஷின் சத்தம் கேட்டாலே கை நடுங்கும். வேறு வேலை கொடுங்கள், கூலியைக் குறைக்காமல். சிலர் தாங்களே வந்து நிற்பார்கள். என் பழக்கத்தில் ஒருவர் இருக்கிறார், சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை, கீமா மெஷினில் போனது. இன்றும் அதே கடையில் இருக்கிறார். ஆனால் இப்போது மெயின் பூட்டின் சாவி அவரிடம். இரவு கழுவுகிறவர்கள் அவரிடம் கேட்டு வாங்கித்தான் பூட்ட வேண்டும், கழுவி முடித்துத் திறந்ததும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியது அவர்தான்.